தாண்டிப் போன வரிகள்: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் துண்டு எப்படிக் காணாமல் போகிறது?

மைட்டோகாண்ட்ரியா என்றதும் 'செல்லின் ஆற்றல் மையம்' என்ற பாடப்புத்தக வரி ஞாபகம் வரும். பலருக்குப் பாடம் அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் காதில் விழுவதெல்லாம் பெரும்பாலும் மாத்திரை விளம்பரங்களில்தான். வயதாக ஆக மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அரிபட்டுத் துண்டு துண்டாக உதிர்கிறது, இந்த கேப்சூலைச் சாப்பிட்டால் நின்றுவிடும் என்பார்கள். கேட்க நம்பும்படிதான் இருக்கும். நானும் ரொம்ப நாள் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கேப்சூலைத் தவிர.

குழப்பத்தில் பாதி 'டெலீஷன்' என்ற சொல்லாலேயே வருகிறது. கம்ப்யூட்டரில் டெலீட் பட்டனைத் தட்டினால் இருந்தது போய்விடும். அதே பழக்கத்தில், முழுசாக இருந்த டிஎன்ஏவிலிருந்து எதுவோ ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிட்டது என்று மனசில் படம் விழுந்துவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான சமயம் மூலப் பிரதிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதைப் பார்த்துப் புதிதாக எழுதும் பிரதியில் நடுவே ஒரு பகுதி எழுதப்படாமல் விட்டுப்போகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும். இந்தக் கட்டுரையில் டெலீஷனை 'நீக்கம்' என்றே சொல்கிறேன். டிஎன்ஏவில் ஒரு தொடர்ச்சியான பகுதி இல்லாமல் போய், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை என்பது அதன் பொருள்.

முதலில் அந்த வளையம்

நம் செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து நீளம். எழுத்து என்று நான் சொல்வது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களை. இது போக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. இதற்கு முனைகள் கிடையாது, வளையல் மாதிரி வட்டமாக இருக்கும். மொத்தமே 16,569 ஜோடி எழுத்துகள். 1981ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதை முழுவதுமாகப் படித்து முடித்தார்கள்.

அந்தச் சின்ன வளையத்தில் 37 மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. 13 மரபணுக்கள் புரதங்களுக்கானவை. அந்தப் பதின்மூன்றும் ஆற்றல் தயாரிக்கும் இயந்திரத்தின் உதிரிபாகங்கள். மீதி 24 மரபணுக்களும் அந்தப் புரதங்களைக் கட்டுவதற்கு வேண்டிய ஆர்என்ஏக்களைத் தருகின்றன. இரண்டு மரபணுக்களுக்கு நடுவே காலி இடம் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை. உட்கரு டிஎன்ஏவில் சில ஆயிரம் எழுத்து காணாமல் போனால் அது வெற்று நிலமாகவும் இருக்கலாம். இங்கே எங்கே விட்டுப்போனாலும் அங்கே யாராவது குடியிருப்பார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு செல்லில் இந்த வளையம் ஒன்றல்ல. செல்லைப் பொறுத்து நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். கருமுட்டையில் லட்சத்தைத் தாண்டும். 'அவருக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் நீக்கம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எத்தனையில் எத்தனை என்றுதான் கேட்க வேண்டும். நல்ல வளையமும் குறைபட்ட வளையமும் ஒரே செல்லில் சேர்ந்திருப்பதை ஹெட்டிரோபிளாஸ்மி என்பார்கள். நாம் 'கலப்பு நிலை' என்று வைத்துக்கொள்வோம்.

பாராயணத்தில் நடக்கும் தவறு

மார்கழி விடியலில் கோயிலில் கூட்டமாகப் பாடும்போது இதைக் கவனித்திருப்பீர்கள். பாடல்கள் எல்லாம் ஒரே சொல்லில் முடிகிறவை. மூன்றாம் பாட்டின் கடைசி வரிக்கு வந்ததும், பாதிக் கூட்டம் அதே மாதிரி முடியும் ஏழாம் பாட்டுக்குப் பிறகு என்ன வருமோ அதை எடுத்துவிடும். நடுவில் நான்கு பாட்டு போச்சு. பாடியவர்கள் தப்பாக ஒரு சொல்லைக்கூட உச்சரிக்கவில்லை. நூல் பிடித்தாற்போல் சரியாகப் பாடிக்கொண்டே, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டார்கள்.

ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பெயர்த்து எழுதியவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு வரிகள் அருகருகே இருந்தால், எழுதுகோலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் கண் முதல் வரிக்குப் பதில் இரண்டாவது வரியில் போய் உட்காரும். புதிய சுவடியில் இடைப்பட்ட பகுதி இராது. பழைய சுவடியில் அது பத்திரமாக இருக்கும்.

இந்தத் தவறு நடக்க இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு இடங்கள் வேண்டும், எழுதும் கை நடுவில் ஒரு கணம் நின்று எழ வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் இரண்டுமே இருக்கின்றன.

வளையம் எப்படி நகலாகிறது

டிஎன்ஏ இரண்டு இழைகள் பின்னியது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று சற்றுக் கனமானது, மற்றது லேசானது. எழுத்துகளின் கலவை வேறு வேறு என்பதால் அப்படி. கன இழை, லேசான இழை என்றே அழைப்போம்.

நகலெடுக்கும் குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். பின்னலை அவிழ்த்துக்கொண்டே முன்னால் போகும் புரதத்தின் பெயர் டுவிங்கிள். அதன் பின்னால், அவிழ்ந்த இழையைப் பார்த்துப் புது இழை எழுதிக்கொண்டு வருவது பாலிமரேஸ் காமா. எழுதுவதற்கு இன்னும் முறை வராமல் தனியாகத் தொங்கும் இழையின் மேல் உறை போலப் படிந்து காப்பது மூன்றாவது புரதம்.

'முறை வராமல் தொங்கும் இழை' என்றேனே, அதில்தான் விஷயம் இருக்கிறது. உட்கருவில் இரண்டு இழைகளுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகல் எழுதப்படும். இங்கே அப்படியில்லை. முதலில் ஒரு தொடக்கப் புள்ளியில் வேலை ஆரம்பிக்கிறது. லேசான இழையைப் பார்த்துப் புதிய கன இழை எழுதப்படுகிறது. பழைய கன இழை ஒதுக்கித் தள்ளப்பட்டுத் துணையில்லாமல் தொங்குகிறது. வளையத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரம் போன பிறகுதான் இரண்டாவது தொடக்கப் புள்ளி திறக்கும். அப்போதுதான் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய கன இழைக்கு எதிர்த்திசையிலிருந்து நகல் எழுத ஆள் வருகிறது.

சுமார் 11,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை, இவ்வளவு நேரம் ஜோடி இல்லாமல் கிடக்கிறது. இரண்டு தொடக்கப் புள்ளிகளுக்கும் இடையிலான இந்த நீண்ட பகுதியைப் பெரிய வில் என்கிறார்கள். பார்த்த நீக்கங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வில்லுக்குள்ளேயே விழுகின்றன. தற்செயலாக எங்கு வேண்டுமானாலும் வெட்டு விழுகிறது என்பது உண்மையானால் இப்படி ஒரே பக்கம் குவியக் காரணமில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வளையம் சின்னது, நெரிசலானது, செல்லுக்கு ஆயிரக்கணக்கில் இருப்பது. அதை நகலெடுக்கும் விதத்தில் ஒரு நீண்ட இழை வெகுநேரம் தனியாகத் தொங்குகிறது. நீக்கங்கள் அந்தப் பகுதியில்தான் குவிகின்றன.

4,977 எழுத்துகள்

இப்போது ஒரு நிஜ உதாரணம். மனிதர்களிடம் அதிகமாகக் காணப்படும் நீக்கத்துக்குப் பொது நீக்கம் என்றே பெயர். அதில் காணாமல் போவது 4,977 எழுத்துகள், வளையத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம். வெவ்வேறு நாட்டில், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத நோயாளிகளிடம் அச்சுப் பிசகாமல் அதே துண்டு காணாமல் போயிருந்தது. ஏன் அதே துண்டு?

வளையத்தில் 8,470ஆம் எழுத்திலிருந்து 13 எழுத்துகளைப் படியுங்கள்: ஏசிசிடிசிசிசிடிசிஏசிசிஏ. பிறகு 13,447ஆம் எழுத்துக்குப் போய்ப் படியுங்கள். அதே 13 எழுத்துகள், அதே வரிசையில். இந்த மாதிரி திரும்ப வரும் தொடர்களை டைரக்ட் ரிபீட் என்பார்கள். நமக்கு 'இரட்டை வரி' போதும். 13,447லிருந்து 8,470ஐக் கழித்தால் 4,977. கணக்கு இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததும்தான் இது வெறும் சேதமல்ல, ஏதோ ஒரு ஒழுங்கில் நடப்பது என்பது 1989ல் தெளிவானது. அதற்கு முந்தைய ஆண்டு, லண்டனில் ஒரு குழு தசைநோய் உள்ளவர்களின் தசையில் முதன்முதலாக இப்படிப்பட்ட நீக்கங்களைக் கண்டிருந்தது.

நடப்பது இப்படி. தொங்கும் கன இழையைப் பார்த்து பாலிமரேஸ் புதிய லேசான இழையை எழுதிக்கொண்டு வருகிறது. முதல் 13 எழுத்தை எழுதி முடிக்கிறது. ஏதோ ஒரு தடங்கலில் அங்கே நிற்கிறது. எழுதிய இழையின் நுனி மூலத்திலிருந்து கழன்றுகொள்கிறது. கழன்ற நுனியில் இருப்பது அந்த 13 எழுத்துகளின் நகல். அது திரும்ப ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது, ஜோடி இல்லாமல் கிடக்கும் கன இழையில் முன்னே இருக்கும் இரண்டாவது இரட்டை வரியும் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. பாலிமரேஸுக்குத் தாவியது தெரியாது. விட்ட இடத்திலிருந்து எழுதுவதாகவே எழுதிக்கொண்டு போகும். இடைப்பட்ட பகுதி மூல இழையில் ஒரு கொண்டையாகப் புடைத்து நிற்க, புதிய இழையில் அது இல்லை. அடுத்த சுற்று நகலில் இந்த இரண்டு இழைகளும் பிரிந்து தனித்தனி வளையங்களாகும்போது, ஒன்று முழுசு, மற்றது 11,592 எழுத்தே உள்ள குட்டை வளையம்.

இதற்கு ஒரு தடயமும் உண்டு. குட்டை வளையத்தில் ஒட்டின இடத்தைப் படித்தால், இரட்டை வரி இரண்டாக இராது, ஒன்றுதான் இருக்கும். பாராயணத்தில் தாவினால் அந்த முடிவு வரியை ஒருமுறைதானே பாடியிருப்போம், அதே கதை. 2019ல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இந்தத் தாவலைச் சோதனைக்குழாயிலேயே நடத்திக் காட்டினார்கள்.

போன துண்டில் ஏழு புரத மரபணுக்கள், சில முழுசாகவும் சில பாதியாகவும், அடங்கும். அவற்றோடு ஐந்து டிஆர்என்ஏ மரபணுக்களும் போகின்றன. டிஆர்என்ஏ என்பது புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வரும் சுமைதூக்கி. ஒவ்வொரு சரக்குக்கும் அதற்கென்று உள்ள ஆள்தான் வர வேண்டும். அதனால் இந்த ஐந்து பேர் இல்லாவிட்டால், மரபணு பத்திரமாக இருக்கும் மற்ற புரதங்களையும் கட்ட முடியாது. புள்ளித் திடீர்மாற்றம் என்று இன்னொன்று உண்டு, ஓர் எழுத்து மட்டும் மாறிவிடுவது. நீக்கத்தையும் அதையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது தப்பு என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒடிந்ததை ஒட்டும் வழி

தாவல்தான் ஒரே வழி என்று சொல்லவில்லை. சில சமயம் வளையம் உண்மையிலேயே ஒடிகிறது, இரண்டு இழையும் சேர்ந்து.

கிழிந்த பட்டுப்புடவையின் பார்டரை ஒட்டுப்போடுவதை நினைத்துப் பாருங்கள். கிழிந்த ஓரம் இரண்டு பக்கமும் நூல் பிரிந்து நைந்திருக்கும். அப்படியே சேர்த்துத் தைக்க முடியாது. டெய்லர் இரு பக்கமும் நைந்ததை நறுக்கிக்கொண்டே போய், இரண்டு பக்கத்திலும் ஒரே மாங்காய் டிசைன் வருகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தைப்பார். தையல் கண்ணுக்குத் தெரியாது. நடுவிலிருந்த நாலு மாங்காய் போயிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவிலும் ஒடிந்த முனைகளை நொதிகள் கொறித்துக்கொண்டே போகும்போது இரட்டை வரிகள் வெளியே தெரிய, அவை ஒன்றோடொன்று ஒட்டி வளையம் மூடிக்கொள்ளலாம். இந்த விளக்கத்தை 2008ல் ஒரு குழு விரிவாக முன்வைத்தது. அதற்கு முன்பே எலிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏவை வெட்டும் நொதி ஒன்றை அனுப்பிப் பார்த்ததில், பெரிய நீக்கங்கள் உருவாயின.

ஆனால் ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவில் ஒடிந்த வளையத்தை ஒட்டிக் காப்பாற்றுவது வழக்கமே அல்ல. சில மணி நேரத்தில் அதைத் தின்று தீர்த்துவிடும். ஆயிரம் பிரதி கையில் இருக்கும்போது கிழிந்த ஒன்றை எதற்கு ஒட்டிக்கொண்டிருப்பது என்ற சிக்கனம். அந்தத் தின்னும் வேலையிலும் பாலிமரேஸ் காமாவுக்குப் பங்கு உண்டு, எழுதத் தெரிந்த அதே நொதிக்கு அழிக்கவும் தெரியும்.

சுருக்கமாக: ஒரு வழி, எழுதும்போது இரட்டை வரியில் தாவுவது. இன்னொரு வழி, ஒடிந்ததை இரட்டை வரியில் ஒட்டுவது. இரண்டிலும் இரட்டை வரி ஒட்டும் இடமாகிறது.

கேப்சூல் விவகாரம்

விளம்பரங்களில் வில்லன் எப்போதும் ஒருவர்தான், 'ஃப்ரீ ராடிக்கல்'. ஆற்றல் தயாரிக்கும்போது சிந்தும் ஆக்சிஜன் பொறிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இவை டிஎன்ஏவைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பொறி பட்டால் ஓர் எழுத்து கருகும், அல்லது ஒரு இழையில் கீறல் விழும். சரியாக 4,977 எழுத்தை அளந்து எடுத்துக்கொண்டு போகாது. கருகிய எழுத்தின் முன்னால் பாலிமரேஸ் தயங்கி நின்றால் தாவலுக்கு வாய்ப்புக் கூடும், அந்த வகையில் மறைமுகப் பங்கு இருக்கலாம். நீக்கத்தோடு பிறந்த வளையத்தை எந்த மாத்திரையும் மறுபடி முழுசாக்காது, ஏனென்றால் அந்த வளையத்தில் கெட்டுப்போனது என்று எதுவும் இல்லை. அது தன்னளவில் நல்ல டிஎன்ஏ, குட்டையாகப் பிறந்தது, அவ்வளவுதான்.

நகலெடுப்பவர்களே தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உண்டு. பாலிமரேஸ் காமாவுக்கான மரபணுவிலோ டுவிங்கிளுக்கான மரபணுவிலோ பிழை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய தசையில் ஒரே நீக்கம் இராது, இடத்துக்கு இடம் வெவ்வேறு நீளத்தில் பலவகை நீக்கங்கள் இருக்கும். எழுதுகிறவருக்குக் கை நடுங்கினால் எங்கே எல்லாம் தாவலாமோ அங்கே எல்லாம் தாவுகிறது.

ஒன்று எப்படி ஆயிரமாகிறது

பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. ஆயிரம் வளையத்தில் ஒன்று குட்டையாகிவிட்டது. மீதி 999 இருக்கிறதே, அதனால் என்ன?

ஒன்றும் ஆகாது. அந்த ஒன்று பெருகினால்தான் தொல்லை. பெருகுகிறது என்பதற்கான சான்று அழகானது. வயதான ஒருவரின் தசையிலிருந்து பழுதான தசைநார்களைத் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்தால், ஒரு நாரில் உள்ள குட்டை வளையங்கள் பெரும்பாலும் எல்லாம் ஒரே நீக்கம் கொண்டவை. பக்கத்து நாரில் உள்ளவையும் தங்களுக்குள் ஒரே மாதிரி, ஆனால் முதல் நாரிலிருந்து வேறு. ஒவ்வொரு நாரிலும் என்றோ ஒருமுறை ஒரு தாவல், அதன் வாரிசுகள்தான் அந்த நார் முழுவதும். ஆண்டுதோறும் புதுப்புது வெட்டு விழுந்துகொண்டே இருந்திருந்தால் ஒரே நாரில் கலவையாக அல்லவா இருக்க வேண்டும்?

தசை, மூளை செல்கள் பிரிவதில்லை என்றாலும், உள்ளே வளையங்கள் அழிந்துகொண்டும் நகலாகிக்கொண்டும் இருக்கும். ஒரு பானையில் ஆயிரம் வெள்ளை மொச்சை, ஒரே ஒரு கறுப்பு மொச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து வீசுங்கள், இன்னொன்றை எடுத்துப் பார்த்து அதே நிறத்தில் ஒன்றைச் சேருங்கள். இப்படியே வருஷக்கணக்கில் செய்தால் பெரும்பாலான பானைகளில் கறுப்பு காணாமல் போகும். ஒருசில பானைகளில் மட்டும் வெறும் அதிர்ஷ்டத்தால் கறுப்பு பெருகி நிறைந்துவிடும். மனிதனைப் போல் நெடுநாள் வாழும் உயிருக்கு இந்தக் குலுக்கலே போதும் என்பது ஒரு தரப்பு. மூன்று வருஷம் வாழும் எலியின் தசையிலும் இதே பெருக்கம் தெரிகிறதே, அதற்குள் குலுக்கல் எப்படிப் போதும் என்பது மறு தரப்பு. குட்டை வளையம் சீக்கிரம் நகலாகி முந்திவிடுகிறது என்ற பழைய வாதமும் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒப்பவில்லை. ஒரு வளையம் நகலாக ஒன்றிரண்டு மணி நேரம்தான், அது உயிரோடிருப்பதோ நாட்கணக்கில், வாரக்கணக்கில். பஸ் வர அரை நாள் இருக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போனவருக்கு என்ன லாபம்?

குட்டை வளையங்கள் மொத்தத்தில் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்வரை செல் சமாளிக்கும். நல்ல வளையங்கள் தயாரிக்கும் சுமைதூக்கிகளைக் கொண்டே காலம் தள்ளும். அந்த எல்லையைத் தாண்டினால் ஆற்றல் உற்பத்தி சட்டென்று விழும். 2006ல் இரண்டு குழுக்கள் மூளையின் கரும்பொருள் பகுதியில் உள்ள நரம்பு செல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தன. பார்க்கின்சன் நோயில் அழியும் செல்கள் அவைதான். வயதானவர்களிடம், நோய் இல்லாதவர்களிடமும்கூட, அந்தச் செல்களில் நீக்கங்கள் இந்த எல்லையை நெருங்கும் அளவுக்குச் சேர்ந்திருந்தன.

ரத்தத்தில் தெரியாது, அம்மா மேல் பழி போடவும் முடியாது

பெரிய நீக்கம் ஒன்று கரு உருவாகும் காலத்திலேயே பரவிவிட்டால் வயதுக்காகக் காத்திருக்காது. இமை தொங்குவது, கண் அசைவு குறைவது என்று தொடங்கும் தசைநோய் ஒரு வகை. அதனோடு விழித்திரைப் பாதிப்பும், பலருக்கு இதயத் துடிப்புக் கோளாறும் சேர்ந்து இருபது வயதுக்குள் வந்தால் கியர்ன்ஸ்-சேயர் நோய். கைக்குழந்தையிலேயே கடுமையான ரத்தசோகையாக வந்தால் பியர்சன் நோய். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வகை நீக்கமாக இருக்கலாம். எந்த உறுப்பில் எத்தனை சதவீதம் என்பதில்தான் வேறுபாடு.

பியர்சன் நோயைத் தாண்டிப் பிழைக்கும் குழந்தைகளுக்கு ஒரு விசித்திரம் நடக்கும். ரத்தம் தானாகச் சீராகிவிடும், சில வருஷம் கழித்துக் கண்ணிலும் தசையிலும் கியர்ன்ஸ்-சேயர் தலைகாட்டும். ரத்த செல்கள் ஓயாமல் புதிதாகப் பிறப்பதால், குட்டை வளையம் அதிகமுள்ள செல்கள் பின்தங்கிக் கழிந்துபோகின்றன. பிரியாத தசை செல்லுக்கு அந்த வடிகட்டல் கிடையாது. பெரியவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்தாலும் டாக்டர் தசையிலிருந்து துணுக்கு எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அந்தப் பழைய வாக்கியம்: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். சரிதான். அதனால் இந்த நோயும் அம்மா கொடுத்தது என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அங்கேதான் தப்பு. ஒற்றைப் பெரிய நீக்கம் உள்ள குழந்தையின் தாய்க்குப் பெரும்பாலும் அந்த நீக்கமே இருக்காது. அது ஒரு கருமுட்டையிலோ, கரு உருவான தொடக்கத்திலோ புதிதாக நடந்த தாவல். அதனால் அந்தக் குழந்தையின் அண்ணனுக்கோ தங்கைக்கோ வரும் ஆபத்து பொதுவாகக் கூடுவதில்லை. நோய் உள்ள பெண்ணே தாயாகும்போது அவள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 24ல் ஒன்று. பலவகை நீக்கங்கள் உள்ள குடும்பம் என்றால் கணக்கே வேறு. அங்கே பிழை இருப்பது நகலெடுப்பவர்களின் மரபணுவில். அது உட்கருவில் உள்ளதால் அப்பா வழியிலும் வரும்.